பேசிக்கொண்டே நடக்கிற பாதை

இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு மலைமேல் இருக்கிற எங்கள் ஊர் அரவேணுவுக்கு வந்து இறங்கியபோது, சொந்த வீடு, கூட மனைவி, வெளியூரில் படிக்கிற பிள்ளை, இனி என்ன குறை என்றுதான் நினைத்தேன். மூன்றே மாதத்தில் தெரிந்துவிட்டது, குறையே நான்தான். விடியுமுன் எழுந்து, கம்பளியை மடித்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். டீ ஐந்து நிமிடம் தாமதமானால் அதட்டுவேன். என் கோபம் எனக்கே பிடிக்காது, ஆனால் வாயைத் திறந்தால் அதுதான் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு மில்லுக்கு செக்யூரிட்டி வேலைக்கு எழுதிப் போட்டேன். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மனைவியிடம் நீட்டினேன். படித்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள், அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வாரம்தான், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன ஒரு பெண்ணை மூடுபனியில் காட்டுமாடு முட்டிக் கால் முறிந்தது. காலையில் யாராவது துணைக்கு வந்தால் தேவலை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். என் மனைவியும் அந்தக் கூட்டத்தோடு போகிறவள்.

"ஊட்ல என்னை அதட்டற நேரத்துல அந்த மாட்டைப் போய் அதட்டலாமில்லீங்க?" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே தடியும் விசிலுமாகப் போய் நின்றேன்.

பன்னிரண்டு பெண்களை ஒற்றை வரிசையில் நிறுத்தி, "மூச்சுச் சத்தம்கூட வரக் கூடாது" என்று உத்தரவு போட்டேன். பட்டாளத்தில் காட்டுக்குள் அப்படித்தான் போவோம். தேயிலைச் செடி இடுப்புவரை தெரிந்தது, அதற்கு மேல் உலகமே இல்லை. நடக்கிறோமா மிதக்கிறோமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒரு வளைவில், பத்தடி தூரத்தில், பனிக்குள் கறுப்பாக ஏதோ பெருமூச்சு விட்டது. காட்டுமாடு! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னாலிருந்த பெண்கள் ஒரே குரலில் "போ சாமி, போ" என்று கத்தியதும், அது அலுத்துக்கொண்டே சரிவில் இறங்கிப் போனது.

"ஏனுங் மிலிட்டரியண்ணா, எங்களைக் கொல்றதுக்கா கூட்டியாந்தீங்க?" என்றாள் எனக்கு அடுத்து நின்ற பெண். "இங்கெல்லாம் பேசிக்கிட்டே போகோணும். ஆள் வர்றது தெரிஞ்சா அது பாட்டுக்கு ஒதுங்கிக்கும். வாயுள்ள புள்ளை பொழைக்கும்ணா."

"என்னத்தைப் பேசறது?"

"எதையாச்சும் பேசுங்க. நான் உம் கொட்டறேன்."

பேசத் தெரியாதவனுக்கு வந்து வாய்த்த வேலையைப் பாருங்கள்! முதலில் துப்பாக்கியின் பாகங்களை ஒப்பித்தேன். பிறகு மெஸ் சாப்பாடு, ரயில் பயணம், பனிமலையில் உறைந்துபோன தண்ணீர் பாட்டில். பின்னாலிருந்து "உம்... உம்..." என்று வந்துகொண்டே இருக்கும். முகம் தெரியாததால் எனக்குக் கூச்சமும் விட்டுப்போனது. பட்டாளத்தில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்பதை அந்தப் பாதையில்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அப்போதும் "உம்" மட்டும்தான் வந்தது. வீடு திரும்பும்போது, வெள்ளைப் பனி என் வழியாகவே கலைந்து போவதுபோல் உடம்பு லேசாக இருந்தது. அன்றைக்கு டீ தாமதமாக வந்ததை நான் கவனிக்கவே இல்லை.

மாதக் கடைசி நாள் வந்தது. பனி அன்றைக்கு ரொம்ப அடர்த்தி. விசில் ஊதியதும் பெண்கள் தாங்களாகவே வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். மனைவி வழக்கம்போல் கடைசியில் வருகிறாள் என்ற நினைப்பில் நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

"நாளைக்கு இந்நேரம் கோயம்புத்தூர் பஸ்ல இருப்பேன்" என்று ஆரம்பித்தேன். "ஆசைப்பட்டுப் போகலை. அந்த ஊட்ல நான் விருந்தாளியாட்ட இருக்கறேன். நானில்லாமயே அவ எல்லாத்தையும் சமாளிச்சுட்டா. போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். சொல்லலை."

"உம்" வரவில்லை. திரும்பினேன். எனக்குப் பின்னால் நின்றவள் என் மனைவி.

"நீ எப்ப முன்னால வந்தே?"

"மூணு நாளா நான்தான் உம் கொட்டறேன்."

இத்தனை வருஷம் கழித்தும் மனைவியின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வெட்கத்தில் கூசிப்போனேன்.

"நிக்காதீங்க, நடங்க" என்றாள். "இன்னைக்கு நான் பேசறேன். நீங்க உம் கொட்டுங்க."

பேசினாள். கூரைத் தகரம் காற்றில் பறந்த ராத்திரி கைக்குழந்தையோடு கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது, மறுநாள் நான் போன் செய்தபோது "எல்லாரும் சௌக்கியம்" என்றது, போனை வைத்துவிட்டு அழுதது. "சமாளிச்சுட்டாளாமா! யாரு சமாளிச்சா? பயந்து பயந்து செத்தேன். போகாதீங்கன்னு சொல்லி நீங்க எப்ப நின்னிருக்கீங்க, இப்ப சொல்றதுக்கு?" என்றாள்.

"உம்" என்றேன். பின்னால் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

கொழுந்து எடை போடும் கொட்டகை மங்கலாகத் தெரிந்ததும் அவள் பேச்சை நிறுத்தி, கூடையைச் சரிசெய்துகொண்டாள்.

"மீதி நாளைக்கு" என்றாள்.

நாளைக்கு விடியலில் நான் பஸ் ஏற வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும், அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

"உம்" என்றேன்.