பாய்லர் வால்வும் மாவிலைத் தோரணமும்

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறையில் கீசர் ஒழுக ஆரம்பித்து வாரக்கணக்காகிறது. மெக்கானிக் வருகிறார், பக்கத்தில் இருக்கும் சின்ன வால்வைத் தட்டிப் பார்க்கிறார், "உப்புத் தண்ணி சார்" என்கிறார், போகிறார். போன பிறகு அது முன்னைவிட நன்றாகச் சொட்டுகிறது. நேற்று என் பெரியவள், "பசை வச்சு அடைச்சிட்டா இன்னாப்பா?" என்று கேட்டாள். நான் கத்திய கத்தலில், பல் விளக்கிக்கொண்டிருந்த சின்னவன் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டான்.

ஏன் கத்தினேன் என்று உங்கள் இருவருக்கும் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் பாதியில் போனைப் பார்ப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

உள்ளே கொதிக்கிற தண்ணீர் மூச்சுவிடுகிற வழி அந்த வால்வு. அடைத்தால் தொட்டியே வெடிக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. படிப்பு எனக்குப் பத்தாவதோடு சரி. அந்தக் கையோடு பஞ்சாலையில் பாய்லருக்கு விறகு தள்ளப் போனேன். சூடான துருவும் ஈர விறகும் கலந்த அந்த வாடை, கீசரைப் போட்டதும் இன்றைக்கும் கொஞ்சம் வருகிறது. அல்லது எனக்கு மட்டும் வருகிறது.

எங்கள் பாய்லர் லாரி அளவு இருக்கும். அதன் தலையில் ஒரு வால்வு, வால்வின் மேல் நீளமான கம்பி, கம்பி நுனியில் இரும்புக் குண்டு. நீராவி அளவு மீறினால் குண்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆயுத பூசைக்கு அடுப்பை அணைத்து, பாய்லரைக் கழுவி, பொட்டு வைப்போம். அந்த வருஷம் என்னோடு வேலை செய்த கன்னியப்பன் அண்ணன், தேங்காய்நார்க் கயிற்றில் மாவிலைத் தோரணம் கோத்து, மேலே உத்தரத்திலிருந்து இழுத்து வந்து அந்தக் கம்பியின் நுனியில் கட்டினார். கட்ட வேறு இடமா இல்லை? பாய்லருக்குத் தலை அதுதான் என்பது அவர் கட்சி.

மறுநாள் காலை அடுப்பைப் பற்றவைத்தால், பாதி அழுத்தம் ஏறுவதற்குள் வால்வு புஸ்ஸென்று ஊதியது. தட்டினோம். தூக்கி விட்டோம். துடைத்தோம். ஊதல் கூடியதே தவிர அடங்கவில்லை. சாயப் பகுதியில் தண்ணீர் சுடவே இல்லை.

சூப்பர்வைசர் வந்தார். அவரை முசே என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர் இல்லை, முத்தியால்பேட்டைக்காரர். கையில் ஒரு தண்டவாளத் துண்டு.

"இத அந்தக் கம்பில மாட்டு. ஸ்டீம் ஏறலன்னா ரெண்டாவது ஷிப்டு ஆளுங்கள கேட்டோட திருப்பி அனுப்பிடுவேன்."

"மாட்டுறேன் முசே. ஆனா நீங்களும் இங்கியே நில்லுங்க."

அவர் நிற்கவில்லை. துண்டைப் போட்டுவிட்டு, மணியைக் காட்டிவிட்டுப் போனார். வெளியே கேட்டில் ஆட்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வராத குறை. சலித்துப்போய்த் தோரணக் கயிற்றைப் பிடித்தேன். பூசையன்று தொங்கலாகக் கிடந்தது, இப்போது கம்பிபோல விறைத்திருந்தது. ஆவி பட்டு நனைந்த கயிறு இறுகி, குண்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கிறது. தூக்கத் தூக்க ஆவி. ஆவி பட பட இறுக்கம்.

நான் கத்தியை எடுத்தேன். கன்னியப்பன் அண்ணன் பதறினார்.

"டேய், கை வக்காத! பூச தோரணம் தானா காஞ்சி வுழணும். அறுத்தா வீராம்பட்டினத்து அம்மன் சும்மா வுட மாட்டா."

"அதுக்குள்ள நாம காஞ்சிடுவோம்ணே!"

அண்ணன் யோசித்தார். "அறுக்கத்தான் கூடாது. அவுக்கலாம்."

ஏணியில் ஏறி உத்தரத்து முடிச்சில் கை வைத்தார். அது அசைந்தால்தானே? நகத்தால் பார்த்தார், பிறகு பல்லால் கடித்தார். வாயில் கயிறோடு அம்மனிடம் மன்னிப்பு வேறு கேட்டுக்கொண்டிருந்தார். கீழே நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு அவரையும் அம்மனையும் சேர்த்தே திட்டினேன்.

தோரணம் என் தலைமேல் விழுந்தது. குண்டு உட்கார்ந்தது. ஊதல் நின்றது, அழுத்தம் காட்டும் முள் ஏறியது. ஆலைச் சங்கு ஊதி, கேட்டு திறந்து, அத்தனை பேரும் டிபன் பாக்ஸோடு, எதுவும் தெரியாமல், சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போனார்கள்.

சில வருஷம் கழித்து மில்லை மூடி, அதே ஆட்களை மொத்தமாக அதே கேட்டில் திருப்பி அனுப்பினார்கள். கன்னியப்பன் அண்ணன் கதிர்காமம் ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வெட்டப் போனார். மற்றவர்கள் எங்கெங்கோ. மில் இருந்த இடத்தில் இப்போது மதில்சுவர் மட்டும்தான். சங்குச் சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிக் காட்டக்கூட எனக்கு வரவில்லை. கடைசியாக அடுப்பை அணைத்தவன் நான்தான். பாய்லரில் ஒரு கோளாறும் இல்லை. வால்வில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.