ஒரு நாள் ஆயா

ராக்காயியை ஆயாவாக நடிக்கச் சொன்னதற்கு ஒரே காரணம், அவள் வாய் திறக்கமாட்டாள் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர் சேனாதிபதி நம்பியதுதான்.

கன்னிவாடிக்கு மேலே மலைச்சரிவில் இருந்தது அந்தக் காப்பித் தோட்டம். நல்லசாமியைக் கட்டிக்கொண்டு மலையேறிய நாளிலிருந்து ராக்காயி அங்கே காப்பிப் பழம் பறித்து வந்தாள். சொன்ன நிரையில், அந்தச் செடி வரிசையில், நிற்பாள். கங்காணி வைதால் தலையைக் குனிந்துகொள்வாள். மகன் வேலுமணி பிறந்த பிறகு அவனையும் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். பறிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஓர் ஆரஞ்சு மரக் கிளையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிடுவாள். அங்கே எல்லாத் தாய்மாரும் அப்படித்தான். ஈரக் காலத்தில் தூளிக்குள் அட்டை ஏறிவிடும். பிள்ளை வீரிட்டு அழும். பால் கட்டி ரவிக்கை நனையும். ஆனாலும் நிரை முடியாமல் நகரக்கூடாது.

தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. இத்தனை பெண்கள் வேலை செய்கிற தோட்டத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் இருக்கவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்தச் சேதி ஆபீஸ் வரைக்கும் ஏறி வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீடுகளுக்கு வரவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம், பறிப்பு மும்முரமாக நடந்த மார்கழியில், சோதனைக்குத் தொழிலாளர் இலாகா இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. சாக்குகள் அடுக்கியிருந்த கொட்டகையை அவசரமாகக் காலி செய்து வெள்ளையடித்தார்கள். முதலாளி பங்களாவிலிருந்து மரக்குதிரையும் பொம்மைகளும் வந்தன. ராக்காயியிடம் ஒரு வெள்ளைச் சேலையை நீட்டினார் சேனாதிபதி.

“நாளைக்கு வெள்ளனே இதைக் கட்டிக்கிட்டு வந்துரு. நீதான் ஆயா. கேட்டா, தெனமும் பால் குடுக்கோம்னு சொல்லு. வேற ஒன்னும் பேசப்படாது.”

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். பாயில் உட்கார்ந்து பிள்ளைகள் பால் குடிப்பதைப் பார்த்து அவருக்கு முகம் மலர்ந்தது.

“சட்டம் வந்து வருஷக்கணக்காச்சு. அதுப்படி வேலை ஆரம்பிக்கிறப்பவே கொட்டகையைத் தெறந்து, முடியிற வரைக்கும் ஆயா கூடவே இருக்கணும். இருக்காங்களா?”

“அதெல்லாம் தெனமும் கரெக்டா நடக்குதுங்க சார்,” என்றார் சேனாதிபதி.

“ஏம்மா, நீதான் ஆயாவா?”

“ஆமாங்க,” என்றாள் ராக்காயி.

ஜீப் வளைவில் மறைந்ததுதான் தாமதம், பொம்மைகளைப் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கினார்கள். பக்கத்து வீட்டுக் கண்மணியின் மகள் இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தாள். சேனாதிபதி டம்ளரை வெடுக்கென்று இழுத்தார். பால் அந்தப் பிள்ளையின் நெஞ்சில் கொட்டியது. என்ன தப்புச் செய்தோம் என்று புரியாமல் அது அவரையே அண்ணாந்து பார்த்தது.

“மிச்சத்தைக் கொண்டுபோயி பங்களா நாய்க்கு ஊத்துங்க. ராக்காயி, சீலையைப் பத்திரமா மடிச்சுக் குடுத்துட்டு வெரசா பழம் பறிக்கப் போ.”

அன்று மாலை வரை அவள் கூடையில் பழத்தோடு இலையும் காம்பும் சேர்ந்து விழுந்தன. இவ்வளவு கோபம் வரும் என்பது அவளுக்கே புதிது.

மறுநாள் காலை பேர் கூப்பிடும் இடத்துக்கு அவள் போகவில்லை. வேலுமணியை ஓர் இடுப்பிலும் கண்மணியின் மகளை மறு இடுப்பிலும் வைத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தாள். விஷயம் பரவியது. மற்ற தாய்மாரும் தயங்கித் தயங்கித் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

சேனாதிபதி ஓடி வந்தார். “என்ன திமிர் உனக்கு? நிரையில சோலி கெடக்கு, இங்க வந்து உக்காந்திருக்க?”

“இதுதாங்க என் சோலி. நேத்து நீங்கதான ஆயான்னு சொன்னீங்க?”

“அது நேத்து!”

“தெனமும்னு அந்த அதிகாரிகிட்டச் சொன்னீங்களே. பொய்யின்னா சொல்லிருங்க. கீழ எறங்கிப் போயி, நானும் பொய்தான் சொன்னேன்னு அவருகிட்டயே சொல்லிட்டு வர்றேன்.”

சேனாதிபதி விறுவிறுவென்று ஆபீசுக்குத் திரும்பினார். மறுநாள் கொட்டகைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

“வீட்டையும் காலி பண்ணச் சொன்னா எங்கடி போவோம்?” என்று நல்லசாமி பயந்தான்.

“சின்னப் புள்ள வாயில இருந்து பாலைப் புடுங்குறாங்க. அதைப் பாத்துட்டு எப்புடிய்யா சும்மா இருக்கச் சொல்ற?”

பூட்டிய கொட்டகைமுன் நின்ற பெண்களைப் பார்த்து ராக்காயி ஒன்றே ஒன்று கேட்டாள்: “ஆபீசுக்குப் போவமா?” கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் வராந்தாவின் உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கின; பெண்கள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். சேனாதிபதி தன் நாற்காலிக்குப் போகத் தூளிகளுக்கு இடையே குனிந்து நுழைய வேண்டியிருந்தது. ஒரு பிள்ளை அவர் வேட்டியை நனைத்தது. வேலையை விட்டு நிறுத்துவேன் என்று கத்தினார். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. நாட்கள் போயின; பறிக்க ஆளில்லாமல் சரிவில் பழம் கனிந்து உதிரத் தொடங்கியது.

மதுரையிலிருந்து முதலாளி காரில் வந்தார். உதிர்ந்து கிடந்த பழத்தைப் பார்த்தார், தூளிகளைப் பார்த்தார், கொட்டகையைத் திறந்துவிடச் சொன்னார்.

ஆனால் சும்மா திறக்கவில்லை. மாலை, ரோஜாப்பூ, சாமி கும்பிடு எல்லாம் நடந்தது. வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். சேனாதிபதி அதை உரக்கப் படித்தார்: முதலாளியின் தாயார் நினைவாகக் கட்டிய தர்மக் கொட்டகையாம் அது. ஆயா வேலை சேனாதிபதியின் கொழுந்தியாள் சண்முகவள்ளிக்குப் போயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். ராக்காயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“தர்மமா?” என்று அவள் கேட்டது முன்வரிசை வரைக்கும் கேட்டது. “சட்டத்துல இருக்கிறதை இத்தனை வருஷமா மறைச்சு வச்சிருந்துட்டு, இப்பத் தர்மம்னு பேரா?”

யாரும் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. மேல்கோடியில், நிற்கவே கால் வழுக்குகிற செங்குத்துச் சரிவுக்கு அவளை மாற்றினார்கள். அதற்குப் பிறகு எந்தப் பறிப்பிலும் அவளுக்கு அந்த இடம்தான். சண்முகவள்ளி பிள்ளைகளை நன்றாகவே பார்த்துக்கொண்டாள். அதை ராக்காயி ஒருநாளும் மறுத்ததில்லை. பால் மட்டும் சில நாள் தண்ணீராக இருக்கும். அன்றைக்கு அவள் டம்ளரோடு ஆபீஸுக்குப் போவாள். அவள் தலை தெரிந்தாலே சேனாதிபதிக்குப் பின்வாசலில் ஏதாவது வேலை வந்துவிடும்.

வேலுமணி நடக்கப் பழகியது அந்தக் கொட்டகையில்தான். ஒரு பொங்கலுக்கு முதலாளி எல்லோருக்கும் துணி கொடுத்தபோது கண்மணி கண் கலங்கிச் சொன்னாள்: “மவராசன், நம்ம புள்ளைகளுக்குக் கொட்டகை குடுத்தாரு.”

“குடுக்கலடி, நாம வாங்குனோம்,” என்றாள் ராக்காயி. கண்மணி சிரித்தாள். ராக்காயிக்குச் சிரிப்பு வரவில்லை.