நான் குடிக்காத மதுவுக்கு என் பெயரில் சம்மன்

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். மதுவைத் தொட்டதே இல்லை. அப்படிப்பட்ட எனக்கு, குடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்டியதாகக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. என் மனைவியே ஒரு நிமிஷம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

விசாரித்தால், எல்லாம் அவள் அண்ணனின் வேலை! காதுகுத்து விருந்துக்குப் போக என் ஸ்கூட்டரை வாங்கிப் போனவர், பட்டப்பகலில் குடித்துவிட்டுப் போலீஸில் மாட்டியிருக்கிறார். வண்டிப் பெட்டியில் நான் வைத்திருந்த என் லைசென்ஸை எடுத்து நீட்டியிருக்கிறார். போட்டோ மங்கிப்போனது. யாரும் உற்றுப் பார்க்காமல் என் பெயரிலேயே வழக்கு எழுதிவிட்டார்கள். மாலையில் விருந்துக்கு வந்திருந்த வேறொருவர் வண்டியை மீட்டு, லைசென்ஸையும் பழையபடி பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து விட்டார். மச்சான் மூச்சே விடவில்லை.

"எனக்குக் கன்னடம் வராது மாப்ள. நீங்களே போய் ஒத்துக்கிட்டு வந்துடுங்க, அபராதத்தை நான் கட்டிடறேன்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

"என் லைசென்ஸை முடக்கிட்டா என் குடும்பத்துக்கு யார் சோறு போடறது? வாங்க, கன்னடத்துல நான் சொல்றேன்" என்று கையோடு கோர்ட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் தமிழில் முணுமுணுத்ததை ஒரு வார்த்தை விடாமல் நீதிபதியிடம் கன்னடத்தில் சொன்னேன். வழக்கிலிருந்து என் பெயரை நீக்கி, மச்சானுக்கு அபராதம் போட்டு, அவருடைய லைசென்ஸையும் ஆறு மாதம் முடக்கினார்கள். ஆள்மாறாட்டத்துக்குத் தனி வழக்கு வேறு நடக்கிறது.

இப்போது லைசென்ஸ் என் சட்டைப் பையில்தான் இருக்கும். ஸ்கூட்டரை யாருக்கும் தருவதில்லை. மாமியார் வீட்டில் எனக்கு ஈவிரக்கமில்லாதவன் என்று பெயர். இருக்கட்டும். கோர்ட்டில் குடிகாரன் என்று பதிவாக இருந்த பெயரைவிட இது எவ்வளவோ மேல்.