தலை முங்காத மடைக்காரர்

எங்கள் ஊர்க் குளத்தின் மடையைத் திறக்கத் தெரிந்தவர் கொம்பையா ஒருவர்தான். கரையிலிருந்து படிக்கற்கள் தண்ணீருக்குள் இறங்கும். அவை முடியும் இடத்தில் இரண்டு கல்தூண்கள். அவற்றின் நடுவே மூச்சடக்கி முங்கி, அடித்தரையில் துளையை அடைத்திருக்கும் கல்லைப் புரட்ட வேண்டும். கல் புரண்டதும் தண்ணீர் ஆளையும் சேர்த்து உள்ளே இழுக்கும். இருபது வருஷமாக அந்த இழுப்புக்குத் தப்பி மேலே வந்தவர் அவர்.

பரிதாபி வருஷக் கார்த்திகையில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்தது. கொம்பையா ஒரு மருதமரத்தில் தொங்கினார். ஒரு கையில் கிளை. மறு கையில் மனைவி பேச்சியின் கை. வெள்ளம் வடியும்போது மறு கை வெறுமையாக இருந்தது.

அதன்பின் அவர் தலையைத் தண்ணீருக்குள் விடவே இல்லை; மடையும் திறக்கப்படவில்லை. குளிக்கும்போதுகூடக் கழுத்துக்குக் கீழேதான் ஊற்றிக்கொள்வார். வானம் இருட்டினால் மேட்டைப் பார்த்து நடந்துவிடுவார். ஊரே அவரிடம் சொன்னது, பயப்படாதே என்று. பி.ஏ. தேறி ஊர் திரும்பியிருந்த நானும் சொன்னேன். பயம் என்பது மனத்தின் மயக்கம் என்று அரை மணி நேரம் விளக்கினேன்.

"படிச்ச பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனார். மறுநாள் என்னைக் கண்டதும் வேறு சந்தில் திரும்பிவிட்டார்.

அவர் போய் உட்கார்ந்தது அந்த மருதமரத்தடியில். அதே மரத்தில் தொங்கிப் பிழைத்த பாய் வியாபாரி பீர் மைதீனும், மிஷன் பள்ளியில் சமைக்கும் ஜெபகனியும், இன்னும் சிலரும் சாயங்காலந்தோறும் அங்கே கூடுவார்கள். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பயப்படாதே என்று எவரும் சொல்லக் கூடாது. சொன்னவர் எழுந்து போய்விட வேண்டும்.

"நேத்து உலை கொதிச்ச சத்தத்துக்கு வெளியே ஓடிட்டேன்" என்பாள் ஜெபகனி.

"நான் ஓடல. கட்டில்ல ஏறி நின்னுட்டேன்" என்பார் பீர் மைதீன். "எங்க வீட்டுல பாத்துட்டு, எலியா வந்துச்சுன்னு கேக்கா."

சிரிப்பார்கள். கொம்பையா சிரிக்கவும் மாட்டார், பேசவும் மாட்டார். ஆனால் ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை.

மறு வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. குளம் தளும்பியது. மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் மறுகாலை வேரோடு சாய்ந்த மரங்கள் அடைத்துக்கொண்டன. நாலாம் நாள் காலையில் கரை மண் கட்டி கட்டியாகச் சரிந்தது. மடை திறக்காவிட்டால் மதியத்துக்குள் கரை உடையும். கரைக்குக் கீழேதான் எங்கள் வீடுகள்.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கொம்பையா இறங்கினார். மார்பளவு தண்ணீரில் நின்றுவிட்டார். பல் கிட்டிக்கொண்டது.

"ஏலே கொம்பையா, பயப்படாதலே! முங்குலே!" என்று கத்தினார் பண்ணையார் அம்மையப்பன்.

கொம்பையா திரும்பிக் கரையேறத் தொடங்கினார். அவர் பக்கத்திலேயே ஒரு முழம் கரை பிளந்து விழுந்தது. பெண்கள் அலறினார்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த நான் இரண்டடி பின்னால் போனேன்.

பீர் மைதீன் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே ஜெபகனி.

"ஏ பிள்ள, நீ எங்கன போற?"

"பண்ணையாரே, செத்த நேரம் சும்மா இருங்க!"

இருவரும் கொம்பையாவின் கைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கு, வே" என்றார் பீர் மைதீன். "இந்தத் தண்ணியப் பாத்தாலே கொடலு புரளுது. உமக்கு?"

கொம்பையா வாய் திறந்தார். "உள்ள போனா அவ கை தட்டுப்படுமோன்னு இருக்கு."

ஜெபகனி அவர் கையை விடாமல் ஒரு படி கீழே இறங்கினாள்.

"எனக்கும் தலையை உள்ள விட முடியல, அண்ணே" என்றாள் ஜெபகனி. "மூணு பேரும் ஒண்ணா முங்குவோம். நீங்க கல்லுக்குப் போங்க. நாங்க அங்கனயே நிப்போம்."

கடைசிப் படிக்கல்லில் கழுத்தளவு தண்ணீர். மூன்று தலைகளும் ஒன்றாக மறைந்தன.

இரண்டு தலைகள் மேலே வந்தன. மூச்சு வாங்கி மறுபடி உள்ளே போயின. மீண்டும் வந்தன. மூன்றாவது தலை வரவில்லை. என் கையிலிருந்த கயிறு தொய்ந்து கிடந்தது. திடீரென்று அது விறைத்தது. இழுத்தோம். கரைக்குப் பின்னால் தண்ணீர் உறுமிக்கொண்டு வெளியேறியது. கயிறு பிடித்த எங்களைத் தவிர எல்லாரும் அதைப் பார்க்க ஓடினார்கள்.

கொம்பையாவைப் படிக்கல்லில் உட்கார வைத்தோம். உதடு நீலம் பாரித்திருந்தது. இருபுறமும் பீர் மைதீனும் ஜெபகனியும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"உள்ள ஒண்ணுமில்ல" என்றார் கொம்பையா. "வெறும் தண்ணிதான்."

சொல்லிவிட்டு, அந்த ஒரு வருஷத்தில் முதன்முறையாக அழுதார்.