ஐஸ் ஆலையில் சுருண்டு படுத்த திரை

தொண்ணூறில் வெளியேற்றப்பட்டு, மன்னாரிலிருந்து ஒரேயொரு பையோடு வந்தவன் நான். புத்தளத்துக் கடற்கரையில், கண்டக்குழியில் நான் உண்டாக்கியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்தூளில் புதைத்த ஐஸைச் சைக்கிளில் கட்டி ஆலங்குடா வரை மிதித்தேன். பிறகு லொறி எடுத்தேன். "இந்த உப்புத் தரையில நல்ல தண்ணி வராது, நானா" என்று அண்ணன் முறை சொல்லித் தடுத்தவர்களின் கண் முன்னாலேயே கிணறு வெட்டினேன். நல்ல தண்ணீர் வந்தது. அதற்குப் பக்கத்தில் ஐஸ் ஆலை போட்டேன். படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் அரைவாசிதான்.

இது நடந்தது போன பெப்ரவரியில், ஒரு சனிக்கிழமை காலையில்.

என் ஐஸ் மெஷினை ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. கடல் காற்றில் துருப்பிடித்து அது செத்துப்போனது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரோ அந்தப் பழைய புரோகிராமைத் தொடவே மாட்டேன் என்றது. பாடசாலையில் கம்ப்யூட்டர் படிப்பிக்கும் என் மருமகள் வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து, புதிய சிஸ்டத்துக்குள்ளேயே பழைய சிஸ்டத்தையும் ஓட வைத்தாள்.

"வீட்டுக்குள்ள இன்னொரு குடும்பத்தக் குடிவெச்ச மாதிரி, மாமா" என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. "கம்ப்யூட்டர் ஏதாச்சும் கேட்டா ஒண்டையும் அமத்தாதீங்க, நான் வந்து பாக்குறேன்" என்றும் சொன்னாள். அது அவ்வளவாக விளங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நானே மெஷினைப் போட்டேன். குழாய்களுக்குள் ஐஸ் உறைந்ததும் திரையின் அடியில் உள்ள ஒரு பட்டனை அமத்த வேண்டும். அப்போதுதான் ஐஸ் கழன்று விழும். அமத்தாவிட்டால் ஐஸ் தடித்துக் குழாய் வெடித்துவிடும். மெஷினை நிறுத்தினால் எல்லாம் உருகி, அன்றைக்கு ஐஸே இல்லை.

பார்த்தால் பட்டனைக் காணவில்லை! பெரிய திரையின் நடுவில் தபால் அட்டை அளவில் ஒரு பெட்டி; அதற்குள் பழைய புரோகிராமின் மேல் பாதி மட்டும். அடிப்பாதி எங்கேயோ கீழே போய்விட்டது. ஐஸைக் கையாலேயே கழற்றிவிட முன்பு ஒரு பிடி இருந்தது. கம்ப்யூட்டர் இருக்கும்போது அது எதற்கு என்று, போன வருடம் கழற்றி எறிந்த புத்திசாலியும் நான்தான்.

கரையில் மூன்று வள்ளங்கள் வந்து நின்றன. நிறைய மீன், மேலே சுள்ளென்ற வெயில். சிலாபத்திலிருந்து வள்ளம் ஓட்டி வந்த சிங்கள மண்டாடி ஒருவர் வாசலில் நின்று, "முதலாளி, ஐஸ் கோ? ஐஸ் எங்க?" என்று இரண்டு பாஷையிலும் கேட்டார். நான் மருமகளுக்குப் போன் போட்டேன்.

மருமகள் ஓடி வந்தாள். பெட்டிக்குள் இருந்த புரோகிராமை மேலே இழுத்துப் பார்த்தாள். அதன் தலை பெட்டியின் விளிம்பில் முட்டி நின்றுவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டு ஹோலில் இருந்த பெரிய டீவியை நான்கு பேரைக் கொண்டு தூக்கிவரச் சொல்லி, கம்ப்யூட்டரை அதில் பூட்ட வைத்தேன். டீவி பாய் அளவு. பெட்டி அதன் நடுவில் கொஞ்சம் ஊதிக்கொண்டு கிடந்தது. அடிப்பாதியை இப்போதும் காணவில்லை.

"டீவிய மாத்தி என்ன செய்ய மாமா?" என்று தலையில் கை வைத்தாள்.

அந்தப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்கு எங்கள் முதல் இரவுகள் ஞாபகம் வந்தன. வந்த புதிதில் புத்தளத்தில் ஒரு குடும்பம் எங்களுக்குத் தங்க இடம் தந்தது. நாங்கள் எட்டுப் பேரும் ஒரு மூலையில் காலை மடக்கிப் படுத்தோம். மூன்றாம் நாள் அந்த வீட்டு உம்மா பார்த்துவிட்டு, "ஏன் இப்பிடிச் சுருண்டு கிடக்கிறீங்க? ஹோல் முழுக்க உங்களுக்குத்தானே!" என்றார். அதுவரை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

"மகள், உள்ளுக்குக் குடிவந்தவனுக்கு இவ்வளவு இடம் இருக்கெண்டு ஆராச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதச் சொல்லத்தான் ஒரு சின்ன புரோகிராம் இருக்கு மாமா. உள்ளுக்குப் போடட்டா எண்டு அதுவாவே கேட்டிருக்குமே?"

கேட்டதுதான். காலையில் மூன்று தரம் கேட்டது. இங்கிலீஷில் இருந்ததால் மூன்று தரமும் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமத்தித் துரத்திவிட்டிருந்தேன்.

"மாமா!" என்றாள். அந்தப் புரோகிராமைப் போட்டு, உள்ளே இருந்த சிஸ்டத்தை மட்டும் நிறுத்தித் திரும்பப் போட்டாள். திரை ஒரு தடவை கறுத்தது. பிறகு பெட்டி காலை நீட்டிப் படுத்தமாதிரி டீவி முழுக்க விரிந்தது. அடியில் பட்டன், என் உள்ளங்கை அளவில்! அமத்தினேன். ஐஸ் கொட்டிய சத்தம் கரை வரைக்கும் கேட்டிருக்கும். மண்டாடி உள்ளே எட்டிப் பார்த்து, "ஐஸ் குடுக்கவா, படம் காட்டவா இந்த டீவி?" என்று கேட்டார். குழாயும் தப்பியது, மீனும் தப்பியது.

இப்போது ஆலைச் சுவரில் மருமகள் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறாள். "ஏதும் கேட்டால் வாசிக்காமல் பெருக்கல் குறியை அமத்த வேண்டாம்" என்பதுதான் முதல் வரி. யாருக்கு எழுதியது என்று ஆலை முழுக்கத் தெரியும். இருக்கட்டும், குற்றம் என்னுடையதுதான். வந்து சேர்ந்தவனிடம் இடம் இருக்கிறது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதை, அந்த உம்மாவுக்குப் பிறகு எனக்கு இந்தப் பெட்டிதான் ஞாபகப்படுத்தியது. ஆனால் குடிவந்தவனுக்கு இடம் இருக்கெண்டு சொன்னீங்களா என்ற கேள்வியைக் கேட்டது யார், நான்தானே? அதையும் அவள் அதே கடதாசியில், அதே அளவு எழுத்தில் எழுத வேண்டும். எழுதும் வரை டீவியை வீட்டுக்குத் தரமாட்டேன்.