ஆணியில் தொங்கிய கயிறு

கள்ளக்குறிச்சியில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறேன். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் வருகிற முகங்களைக் கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுப்பதுதான் வேலை. வடக்கனந்தலில் என் வீட்டுக்கு எதிர்வீடு அண்ணனுடையது. கரும்பு வெட்டப் போவான், வெட்டிய கூலியைக் குடித்துத் தீர்ப்பான். அடி தாங்காமல் அண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நைனார்பாளையத்துக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவனைக் குடிமறக்க வைக்கும் வார்டில் சேர்த்தோம். அங்கே சுவரில் ஒட்டியிருந்த அறிவுரைகளை ஒருத்தரும் படிக்கவில்லை. ஆலோசகர் என்னிடம், "படமா ஏதாச்சும் போட்டுக் குடும்மா" என்றார். நாலு கட்டம் போட்டு ஒரு சித்திரக்கதை வரைந்தேன். பெரிய மூக்குக்காரன் ஒருவன் போதையில் பக்கத்து வீட்டு மாட்டைப் பெண்டாட்டி என்று நினைத்து மன்னிப்புக் கேட்கிறான். மாடு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வார்டே சிரித்தது. அண்ணன் மட்டும் கிட்டே போய்ப் பார்த்தான்.

"இன்னா பாப்பா, எம் மூக்க இம்மாம் பெருசா போட்டுக்கீற?"

பிறகு அவனும் சிரித்துவிட்டான். குடிக்காமல் அவன் சிரித்து எனக்கு ஞாபகமே இல்லை. வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, கல்வராயன் மலை அடிவாரத்துக் கோயிலில் கயிறு கட்டினோம். கையில் கயிறு இருக்கும்போது குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்பார்கள். டாக்டருக்குப் பயப்படாதவன்கூட அதற்குப் பயப்படுவான். பூசாரி முடிச்சுப் போடும்போது அண்ணன், "லூசா கட்டு சாமி, கத்தி புடிக்கிற கை" என்றான். எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அதற்கப்புறம் வாரம் ஒரு கதை வரைந்து போன் ஸ்டேட்டஸில் வைத்தேன். மூக்குக்காரன் கையில் இப்போது கயிறு. வேலைக்குப் போகிறான். பிள்ளைக்குச் செருப்பு வாங்கப் போய், அளவு தெரியாமல் தன் கட்டைவிரலில் மாட்டிப் பார்க்கிறான். அண்ணன் ஒவ்வொன்றையும் ஆசையாகப் பார்த்தான். "அடுத்ததுல அவளக் கூட்டியாந்துடு பாப்பா" என்றான். வாசலில் பெண்டாட்டி பையோடு வந்து நிற்பதுபோல் வரைந்து வைத்தேன்.

அதைப் பார்த்துவிட்டு அண்ணி நிஜமாகவே பிள்ளையோடு வந்து இறங்கினாள். நல்ல மத்தியானம். அண்ணன் வீட்டில் இல்லை; நான்தான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். பிள்ளையின் சட்டையை மாட்ட ஆணியைத் தேடியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆணியில் கயிறு தொங்கியது, போட்ட முடிச்சு போட்டபடி.

"படத்துல கையில கீது. இங்க ஆணியில தொங்குது. இன்னாம்மா இது?" என்று என்னைக் கேட்டாள்.

கயிற்றை எடுக்க ஆணிப் பக்கம் போனேன். அதற்குள் அண்ணனே தள்ளாடிக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். அவள் கயிற்றைக் காட்டினாள்.

"நான் அவுக்கலடி, அறுக்கவும் இல்ல. பத்திரமா கழட்டி மாட்டிட்டு தான் குடிக்கப் போவேன். வாய கொப்புளிச்சிட்டு திரும்பப் போட்டுக்குவேன். சாமிக்கு நான் ஒரு துரோகமும் பண்ணல."

பெருமையாகத்தான் சொன்னான். அண்ணி சண்டை போடவில்லை, அழவும் இல்லை. சட்டையைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அவள் தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தவன் உள்ளே வந்து கயிற்றை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டான். எனக்கு முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினான். சாராய வாடை முகத்தில் அடித்தது.

"போட்டுக்கினேன் பாரு. இப்ப படம் வரை. அவ வர்ற மாதிரி வரை."

"இனிமே அவ வரமாட்டா அண்ணா" என்றேன்.

"தெரியும் பாப்பா," என்றான். "படத்துலயாச்சும் வரட்டுமே."