எட்டே முக்காலுக்கு இரண்டு ரிங்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்பீர்கள். கூடப் பிறந்தவள் சொல்கிறேன், பொறுமை மட்டும் அவரிடம் கிடையாது. பிடிவாதம்தான் இருந்தது. அதை வைத்துத்தான் எல்லாவற்றையும் சாதித்தார்.

படாளத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பஸ் ஏறிச் செங்கல்பட்டில் படித்து, கடற்கரையோர ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் ஷிப்ட் என்றால் கடலோரக் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குத் திரும்ப இரவு பத்தரை ஆகும். அவருடைய பிள்ளைகள் பெரியவளும் சின்னவனும், நான் கூட இருந்தும், அதுவரை விழித்துக் கிடப்பார்கள். சின்னவன் பரீட்சைத் தாள் மேலேயே தலைவைத்துத் தூங்கிவிட்டான் என்று டீச்சர் சொன்ன அன்றுதான் அக்கா அழுது பார்த்தேன்.

மறுநாளே சட்டம் போட்டார். ஏழரைக்குச் சாப்பாடு. பிறகு டைம்டேபிள் பார்த்துப் பையை அடுக்கவேண்டும், பல் தேய்த்துக் கால் கழுவவேண்டும். அம்மாவிடம் கேட்க ஆளுக்கு ஒரு கேள்வியை யோசித்து வைத்துக்கொள்ளலாம், பதில் காலையில். அலுவலகத்துக்குள் செல்போன் கூடாது என்பதால், எட்டே முக்காலுக்குத் தன் மேஜை போனிலிருந்து வீட்டு போனுக்கு இரண்டு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிடுவார். விளக்கை அணைத்துப் படுக்க அதுதான் அடையாளம். யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் பேச்சு, பேச்சு வந்தால் அழுகை, அப்புறம் தூக்கம் எங்கே வரும்? ஒரே மாதத்தில் பிள்ளைகள் இரண்டும் ரிங் கேட்டதும் கண்ணை மூடப் பழகிவிட்டன.

காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த ஏழு நாளும் நர்ஸ்களைக் கெஞ்சி அந்த ரிங்கைக் கொடுத்தார். எட்டாம் நாளும் வந்தது. குழந்தைகள் தூங்கட்டும் என்று காத்திருந்து, ஒன்பதரைக்குத்தான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த மாமா என்னை அழைத்தார். அக்கா மாலை ஆறு மணிக்கே போய்விட்டிருந்தார்.

நர்ஸ்களைக் கேட்டேன். அன்று யாரும் போன் செய்யவில்லையாம்.

அதற்குப் பிறகும் தினம் வந்தது. எங்களுடையது நம்பர் காட்டாத பழைய போன். துக்கம் கேட்க வந்த அலுவலகத்தாரிடம் விசாரித்தேன். அக்காவின் மேஜை போனைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார்கள். எனக்குப் பயமாக இருந்தது. குழந்தைகளுக்கு இல்லை. அவர்கள் பாட்டுக்குப் படுத்துத் தூங்கினார்கள்.

என் கை சும்மா இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டேன். யாரும் பேசவில்லை. அலைச் சத்தம் கேட்டது. எங்கள் ஜன்னலிலும் அது எப்போதும் கேட்பதுதான். பிறகு யாரோ மெல்ல மூச்சை இழுத்தார்கள். வைத்துவிட்டார்கள்.

பெரியவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். "எதுக்கு சித்தி எடுத்த? எடுக்காதன்னு அம்மா சொல்லிகினே இருந்தாங்க இல்ல?"

அன்றோடு ரிங் நின்றது. பை அடுக்கியிருக்கிறது, பல் தேய்த்தாகிறது, விளக்கையும் நானே அணைக்கிறேன். இருட்டில் நான்கு கண்கள் திறந்தே கிடக்கின்றன. சின்னவன் மறுபடி வகுப்பில் தூங்குகிறான்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்த குவார்ட்டர்ஸ் அண்டை வீட்டாருக்கும், பிள்ளைகளுக்காகக் காத்திருந்து பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் வேன் அண்ணனுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொரு நன்றி, அந்த ரிங்கைக் கொடுத்தவருக்கு. யாரென்று எனக்குத் தெரியவில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால், பெயர் சொல்லவேண்டாம். வீட்டு நம்பர் மாறவில்லை. எட்டே முக்காலுக்கு இரண்டு ரிங் போதும். சத்தியமாக நான் எடுக்கமாட்டேன்.